கட்டில் கம்பியில் சாவி

காலையில் வாசல் சாவி ஆணியில் இல்லை. அவள் தேடித் தேடி, கடைசியில் மகள் சிட்டுவின் இரும்புக் கட்டிலுக்கு அடியில் கண்டெடுத்தாள். "சிட்டு எடுத்து விளையாடியிருப்பா," என்றான் கணவன். ஆணியோ சிட்டுவுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

கணவன் சில நாட்களாக விடுப்பில் இருந்தான். அரசாங்க விசாரணைக் கூடத்தில் காவல் வேலை. பிடித்து வந்தவர்களைத் தூங்க விடக்கூடாது, அவ்வளவுதான். யாராவது கண்ணயர்ந்தால் கம்பியில் சாவியால் தட்டுவான். "நான் யார் மேலயும் கை வெச்சதில்ல," என்று பெருமை வேறு. அவளும் அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டாள். ஒரு நாளும் வாயைத் திறந்து கேட்டதில்லை.

விடுப்புக்கு முன் கடைசியாக ஓர் ஆள் தூக்கத்துக்குக் கெஞ்சி ஒரு வீட்டைக் காட்டிக்கொடுத்தான். கூடத்து ஆட்கள் அந்த வீட்டுக் கதவை உடைத்து நுழைந்து சுட்டார்கள்.

"உள்ள யாருங்க இருந்தாங்க?" என்று அன்று அவள் கேட்டிருந்தாள்.

"தப்பான வீடு. தூங்கணும்னு வாய்க்கு வந்த விலாசத்தச் சொல்லியிருக்கான்." சொல்லிவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சாவி கிடைத்த அன்று மதியம் பள்ளி ஆசிரியை போனில் கூப்பிட்டாள். "ராத்திரி பாப்பா தூங்குறாளா? வகுப்புல சொக்கி விழுறா. தோளத் தொட்டா, 'சொல்லிடறேன், சொல்லிடறேன்'ங்கிறா."

பள்ளி விட்டு வந்த சிட்டுவின் கண்கள் குழி விழுந்திருந்தன. மடியில் இருத்தி, "என்னடா கண்ணு ஆச்சு?" என்று கேட்டாள். குழந்தை வெகுநேரம் அவள் முகத்தையே படித்தது.

"எதைச் சொன்னாம்மா தூங்க விடுவீங்க?"

விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். இரவு சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாயை விரித்துப் படுத்தாள். சமையலறைக் குழாய் சொட்டுவதும், பக்கத்து அறையில் கணவன் புரள்வதும், தலைக்கு மேலே சிட்டுவின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீராவதும் கேட்டுக்கொண்டே இருக்க, பல நாள் அசதியில் அவளும் எப்போதோ கண்ணயர்ந்துவிட்டாள்.

டங்.

தலையணைக்கு அடியில் கையை விட்டாள். சாவி இல்லை.

கட்டிலின் கால்மாட்டில் கணவன் நின்றிருந்தான். கண்கள் மூடியிருந்தன. ஆழ்ந்து தூங்குகிறவனின் மூச்சு.

டங்.

சிட்டு எழுந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. பழகியிருந்தாள்.

தாய் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். உலுக்கினாள். கத்தினாள். அவன் விழிக்கவில்லை.

"யாரு?" என்றது அவன் வாய்.

"சொல்லிடறேன்ப்பா."

"யாரு?"

குழந்தை சுற்றிலும் பார்த்தது. அறையில் இருந்தது ஒருத்திதான்.

"அம்மா."

சாவி நின்றது. அவன் மகளை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். அந்த நொடியே சிட்டு தூங்கிப்போனாள்.

பிறகு மூடிய கண்களோடு மனைவி பக்கம் திரும்பினான். கதவை மறித்து நின்றான்.

"உன்கூட வேற யாரு?"

அந்த வீட்டில் சொல்வதற்கு இன்னும் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். நேரம் போயிற்று. ஜன்னல் வெளுக்கவே இல்லை. அவளை அறியாமல் இமைகள் தாழ்ந்தன.

டங்.