பின்பலகையில் ஒரு தட்டு

நீர்வேலியில் மீனாம்பிகையின் வீட்டு வளவுக்கு மயூரதன் பின்னேரம் போய்ச் சேர்ந்தான். விலைக்குப் போட்டிருந்த லொறி கொட்டிலுக்குள் நின்றது. சுற்றிவர வாழை அடர்ந்து கிடந்ததால் அங்கே வெயில் இறங்குவதே இல்லை. ஈரமண்ணும் பழைய டீசலும் கலந்து மணத்தன.

இத்தனை வருடமும் அவன் ஒரு முதலாளியின் லொறியில் தம்புள்ளைச் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றினான். டயர் வெடித்தாலும் பழம் நசிந்தாலும் அவன் தலையில்தான் விடியும். போன கிழமை தகப்பனின் திவசத்துக்கு லீவு கேட்டபோது, உனக்கென்று ஒரு லொறி வந்த பிறகு லீவு எடு என்று முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பை அவன் மறக்கவில்லை. சொந்தமாக வாங்கி ஓடினால் என்ன? மனைவி சாருஜாவும் ஓம் என்றுவிட்டாள். அவனுக்குக் கட்டுப்படியான லொறி இந்த ஒன்றுதான்.

ஏன் இந்தக் குறைந்த விலை என்பதை மீனாம்பிகை ஒளிக்கவில்லை. அவளுடைய புருசன் தியாகராசா, எந்நேரமும் வாயில் சுருட்டோடு, இதைத் தனியாகவே ஓட்டியவர். கிளீனர் எதற்கு, வீண் செலவு என்பார். பின்னுக்கு எடுக்கும்போது கிளீனர் பின்பலகையில் இரண்டு தட்டுத் தட்டினால் போகலாம், ஒன்று தட்டினால் நிற்கவேண்டும் என்பது லொறிக்காரர் வழக்கம். தட்ட ஆளில்லாததால், இடம் பார்க்கத் தானே இறங்கிப் பின்னால் போனார். சில்லு உருளாமல் கல் வைக்கவில்லை. லொறி உருண்டு அவரைக் கொட்டில் சுவரோடு நெரித்துவிட்டது.

"வாங்க வந்தவை எல்லாம் பின்னுக்கு எடுத்துப் பாப்பினம், தம்பி. பிறகு திறப்பைத் தந்திட்டுப் போயிடுவினம்" என்றாள்.

மயூரதன் அவள் நீட்டிய திறப்பால் என்ஜினை இயக்கி, லொறியை வெளியே ஒழுங்கைக்கு எடுத்தான். என்ஜின் அருமையாக இழுத்தது. திரும்பக் கொட்டிலுக்குள் விடுவதற்காகப் பின்னுக்கு எடுத்தான்.

டப்.

ஒரே ஒரு தட்டு. பிறேக்கை மிதித்தான்.

கண்ணாடியில் ஒருவரும் இல்லை. மீனாம்பிகை தூரத்தில், கிணற்றடியில் நின்றாள்.

கைப்பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் பின்னால் போனான். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்குமளவு இடம் இருந்தது. சுருட்டு மணம் குப்பென்று அடித்தது. குனிந்து பார்த்தான்.

லொறி அசைந்தது.

பாய்ந்து விலகினான். பலகை அவன் சட்டையை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் முட்டியது. ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தான்.

கைப்பிறேக் இழுத்தது இழுத்தபடியே இருந்தது.

திறப்பைக் கொடுத்துவிட்டு ஓடலாம். ஓடினால் நாளைக் காலை அந்தச் சிரிப்புக்கு முன்னால்தான் போய் நிற்கவேண்டும். செத்தவருக்குப் பயந்து உயிரோடிருப்பவனின் காலடியில் கிடப்பதா? பயத்தை மிஞ்சிக்கொண்டு அவனுக்குக் கோபம் வந்தது. ஒரு கல்லைத் தூக்கிச் சில்லின் கீழ் வைத்தான்.

"தியாகராசா அண்ணை," என்று பின்பலகையைப் பார்த்துக் கூப்பிட்டான். "லொறியை நான்தான் எடுக்கிறன். உங்களைப் போலை ஆளில்லாமல் ஓட மாட்டன். பின்னுக்கு நிண்டு விளையாடாமல் முன்னுக்கு வந்து இருங்கோ."

ஒரு வாழையிலைகூட அசையவில்லை.

ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

இடதுபக்கக் கதவு மெல்லத் திறந்தது. பிறகு சாத்திக்கொண்டது.

பக்கத்துச் சீற், ஆள் ஏறி இருந்ததுபோலக் கீழே பதிந்தது. சுருட்டு மணம் இப்போது உள்ளேயே நின்றது.

மயூரதன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கியரைப் போட்டான்.

கதவில், உள்பக்கமாக, இரண்டு தட்டு விழுந்தது.