மல்லாட்டைக்கு ஒரு 'யெஸ்'

விழுப்புரம் அறிவியல் கண்காட்சியில் புனிதாவுக்கு இருந்தது இன்னும் நாற்பதே நிமிடம். அதற்குள் கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் வரைந்தாக வேண்டும். அதுவும் மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையைப் பற்றி!

புனிதாவின் அம்மா பூமாலை, திண்டிவனம் பக்கத்தில் களையெடுக்கும் வேலைக்குப் போகிறவர். "பூ வுட்டு, விழுது மண்ணுல எறங்கின பொறவு களைக்கொத்து போடக்கூடாதுங்க. காய் புடிக்கிற விழுது அறுந்துபூடும். கையாலதான் புடுங்கணும்" என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். நிலத்துக்காரர் விருத்தாசலம் கேட்டால்தானே! "கூலிக்கு வந்தமா, கொத்தனமான்னு இரு பூமாலை" என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார்.

புனிதாவுக்கு அழுகையாக வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. ஏழாம் வகுப்புக்காரி, சும்மா விடுவாளா? பள்ளித் தோட்டத்தில் இருபது பாத்தி போட்டாள். பத்தில் கொத்தினாள். பத்தில் கையால் பிடுங்கினாள். பாத்தி பாத்தியாகக் காயை நிறுத்து எழுதினாள். எட்டாம் வகுப்பு இனியவன்தான் அவளுக்குக் கூட்டாளி. நிறுத்த பிறகுதான் அவன் தின்னலாம் என்று ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது.

கண்காட்சியில் கொடுத்த கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருந்தது. புள்ளிவிவரங்களை அலசும் 'ஆர்' என்ற மென்பொருள் இல்லை. பொறுப்பாளர் அண்ணன் வந்து, தன் கடவுச்சொல்லைத் தட்டி, அதை ஏற்றிக் கொடுத்தார். "படம் வரையற பேக்கேஜ நீங்களே போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு ஜல்தியாக அடுத்த மேசைக்கு ஓடினார்.

இனியவன் அதற்கான கட்டளையைத் தட்டினான். ஏதேதோ எழுத்துகள் வந்தன. கடைசியில் 'எரர்' என்று வந்தது. இன்னும் இரண்டு முறை தட்டினான். மறுபடி எரர்.

"சார், மூணாவது வாட்டியும் பூட்டுச்சு!" என்றான்.

அவர்களைக் கூட்டிவந்த கம்ப்யூட்டர் ஆசிரியர் சீனுவாசன் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பேஜாரா போச்சே! நடுவர் அந்த வரிசைக்கு வந்துட்டாங்கடா."

புனிதா திரையை உற்றுப் பார்த்தாள். "அண்ணா, இரு. நடுவுல அது என்னமோ கேக்குதே. நீ என்னா அடிச்ச?"

"நோ."

"ஏன்?"

"கம்ப்யூட்டர் எத கேட்டாலும் நோன்னு சொல்லணும்னு சார் சொல்லிக்கிறாரே!"

உண்மைதான். போன வருடம் யாரோ ஒருவர் 'யெஸ்' தட்டப்போய், பள்ளிக் கம்ப்யூட்டரில் நாளெல்லாம் விளம்பரமாகக் கொட்டியது. அன்றிலிருந்து வகுப்பில் 'நோ' சட்டம். அந்த 'யாரோ' சீனுவாசன் சார்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டார்கள்.

புனிதா அந்த ஆங்கில வரியை விரல் வைத்து, மெதுவாகப் படித்தாள்.

"பொது இடத்துல வைக்க உனக்கு அனுமதி இல்ல. உனக்குன்னு தனியா ஒரு இடத்துல வச்சிக்கிறியான்னு கேக்குது. அவ்ளோதான்!"

இனியவன் திருதிருவென்று விழித்தான். சாரின் முகம் சுருங்குவதைப் புனிதா பார்த்தாள்.

"சார், தெரியாதவங்க வந்து கேட்டா நோ சொல்லணும். உங்க சட்டம் கரெக்டுதான் சார். ஆனா இத நாமதான கூப்ட்டோம்?"

சாரின் முகம் மலர்ந்தது. "அட ஆமா! நாமதான் கூப்ட்டோம். அடி யெஸ்ஸு!"

தட்டினாள். அந்த இடத்தைப் புதிதாக உருவாக்கட்டுமா என்று இன்னொரு முறை கேட்டது. அதையும் படித்துவிட்டு 'யெஸ்' என்றாள். அவ்வளவுதான், எழுத்துகள் மடமடவென்று ஓடத் தொடங்கின.

"ஐயையோ சார், கொட்டுது, கொட்டுது!" என்று இனியவன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"சும்மா இருண்ணா, அது வேலை பாத்துக்கினு இருக்குது."

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். நடுவர் இரண்டு மேசை தள்ளி நின்றார். பிறகு ஒரு மேசை. எழுத்துகள் நின்றன. எரர் இல்லை! புனிதா கட்டளையைத் தட்டினாள். திரையில் புள்ளிகள் பூத்தன. கொத்திய பாத்திகளின் புள்ளிகள் கீழே கிடந்தன. கையால் பிடுங்கிய பாத்திகளின் புள்ளிகள் பத்தும் உயரத்தில் இருந்தன.

"ஜெயிச்சிட்டோம்!" என்று முதலில் கத்தியவர் சீனுவாசன் சார்.

நடுவர் அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். "இத சோதிச்சுப் பாக்கணும்னு எப்படிம்மா தோணுச்சு?"

"எங்கம்மா சொன்னாங்க. யாரும் நம்பல. அதான் நிறுத்துப் பாத்தேன்."

மாலையில் முதல் பரிசு புனிதாவின் கைக்கு வந்தது. சாரின் போனை வாங்கி உடனே அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா வயலில்தான் இருந்தார்.

"அம்மா, நமக்குத்தான் பர்ஸ்ட் பிரைஸு! நீ சொன்னதுதான் சரி. இருபது பாத்தியும் அதத்தான் சொல்லுது!"

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு போன் கை மாறியது.

"பாப்பா, விருத்தாசலம் பேசறேன். நெசமாவா?"

"நெசந்தாங்க. எடைக்கு எடை எழுதி வச்சிருக்கேன். வந்து காட்றேன்."

விருத்தாசலம் தொண்டையைச் செருமினார். பிறகு வயலைப் பார்த்து அவர் குரல் கொடுத்தது போனில் நன்றாகவே கேட்டது.

"கொத்த கீழ போடுங்கம்மா! இனிமே பூமாலை சொல்ற மாதிரி செய்யுங்க!"

களைக்கொத்துகள் ஒவ்வொன்றாக வரப்பில் விழுந்த சத்தம் விழுப்புரம் வரைக்கும் கேட்டது.