சொல்லிக்கொள்ளாமலே வந்திருக்கலாம்

தொண்ணூற்றெட்டு மார்கழி. லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலை மலைக்குள் ஏறியபோது பகல் இரண்டு மணிதான். ஆனாலும் பனிமூட்டம் தொழிலாளர் லயத்து வீடுகளின் கூரைவரை இறங்கியிருந்தது. மாடசாமி மாமா இறந்து ஐந்து நாள். பண்டாரவளையில் அன்றைக்குத்தான் என் மனைவிக்குப் பிரசவம். அடக்கத்துக்கு வர முடியவில்லை. துக்கம் கேட்கக்கூட வராவிட்டால் நானெல்லாம் என்ன மருமகன்?

அறைக்குள் தைலமும் மூத்திரமும் கலந்த வாடை. மாமாவின் மகள் ஜீவராணி காலிக் கட்டிலின் அருகே உட்கார்ந்திருந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை. தூங்காத முகம்.

"மூணு வருசமா படுக்கையில கெடந்தவர ஒருத்தியா பாத்துட்ட ஜீவா. இனியாவது கொஞ்சம் தூங்கு," என்றேன்.

"எங்க மச்சான் தூங்குறது? இன்னமும் கூப்புடுறாரு." குரலைத் தாழ்த்தினாள். "தண்ணி கேக்குறாரு. வச்சா, விடியக்குள்ள டம்ளர் காலியா இருக்கு."

பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்தேன்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது. பேசாமல் நடந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். பாழாய்ப்போன பழக்கம், வாசலில் செருப்பை மாட்டியபடி கட்டில் பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டேன்.

"போயிட்டு வாறேன் மாமா."

கட்டில் கிரீச்சிட்டது.

ஜீவராணி என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மன்னிச்சிருங்க மச்சான். என்னால இனி ஏலாது."

கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

இறக்கத்தில், எனக்குப் பின்னால் யாரோ காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். திரும்பினால் பனி மட்டும்.

நான் நின்றால் அதுவும் நின்றது.

பதுளையில் பஸ் மாறினேன். அவ்வளவு கூட்டத்திலும் என் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. வீட்டில் பிறந்து ஐந்தே நாளான மகள். இதைக் கூட்டிக்கொண்டு எப்படிப் போவேன்? பயத்தில் ஹாலிஎலயிலேயே இறங்கி, பஸ் ஸ்டாண்ட் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். பண்டாரவளை பஸ்கள் இரண்டைப் போக விட்டேன். மூன்றாவது வந்து நின்றது.

"திரும்பிப் போங்க மாமா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். வீட்டுல பச்சப்புள்ள இருக்கு," என்று கெஞ்சினேன்.

காதருகே மாமாவின் குரல் கேட்டது. அத்தனை அன்பான குரல்.

"தெரியும் மாப்புள. அது அழுவுது. நீ மெதுவா வா, நான் முன்னுக்குப் போறேன்."

பஸ் நகர்ந்தது. கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

நிற்கவில்லை.