தங்கச்சி நிரப்பிய பாட்டில்

"ஐயோ... ரத்தம்!"

அலறல் குளியலறையிலிருந்து வந்தது.

தங்கச்சி ஓடினாள். கர்ப்பிணி ஓடக் கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம்!

அக்கா வாஷ்பேசினுக்குக் கீழே சரிந்து கிடந்தாள். உதடெல்லாம் புண். பல் தேய்த்த பிரஷ் சிவப்பாக இருந்தது. கையிலும் காலிலும் யாரோ அடித்துப் போட்ட மாதிரி நீலத் திட்டுகள்.

ஆனால் யாரும் அடிக்கவில்லை.

அடித்தது ஒரு மாத்திரை!

*

ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தாள். ஸ்டேஷனில் அவளுக்கு 'இடி' என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது.

ஏட்டு டீ கொண்டு வந்து நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க ஏட்டய்யா. வாசனையே குமட்டுது."

"போன மாசம் வரைக்கும் ஃபிளாஸ்க்கோட குடிச்சீங்களே மேடம்?"

"இப்ப குடிக்கலை. போதுமா?"

இடி பெல்ட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். எமர்ஜென்சி கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார். முகம் சரியில்லை.

"முடக்குவாதத்துக்கு ஒரு மாத்திரை இருக்கு மேடம். வாரத்துல ஒரே ஒரு நாள்தான் போடணும். இந்தம்மா தினமும் போட்டிருக்காங்க. ரத்த அணுவெல்லாம் பாதாளத்துக்குப் போயிடுச்சு. மருந்து ஏத்தறோம்... பிழைச்சா புண்ணியம்."

"தெரியாம போட்டிருப்பாங்களா?"

"மத்த நாள்ல ஃபோலிக்னு ஒரு சத்து மாத்திரை போடணும். அதுவும் சின்னதா, மஞ்சளா. இதுவும் சின்னதா, மஞ்சளா. அட்டையில இருந்தா பேரைப் பார்க்கலாம். அவங்க வீட்டுல எல்லாமே பாட்டில்ல!"

"ஏன்?"

"விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கோணிப் போச்சே... அட்டையை அழுத்த முடியாது. தங்கச்சிதான் பிதுக்கி, பாட்டில்ல போட்டு வைக்கறா."

இடி உள்ளே போனாள். கட்டிலில் அக்கா. வாயைத் திறக்கவே வலித்தது அவளுக்கு.

"என் பாட்டிலை நிரப்பறது அவ ஒருத்திதான் மேடம்..." முனகினாள். "நான் அவளுக்குப் பாரம். அதான்... என்னைத் தீர்த்துக் கட்டப் பார்த்துட்டா."

*

தங்கச்சி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவள் புருஷன் ரத்தம் ஏற்பாடு பண்ணப் போயிருந்தான்.

"அக்காவோட சத்து மாத்திரை பாட்டிலைக் கடைசியா நிரப்பினது யாரு?"

"நான்தான் மேடம்."

ஏட்டு நிமிர்ந்தார். கேஸ் முடிந்தது என்கிற சந்தோஷம் அவருக்கு!

"எந்த அட்டையிலேர்ந்து பிதுக்கினே?"

"பிதுக்கலை மேடம். அக்காவோடது தீர்ந்து போச்சு. எனக்கு ஒரே வாந்தி... கடைக்குப் போக முடியலை. நானும் அதே சத்து மாத்திரைதானே போடறேன், குழந்தைக்காக. என் பாட்டில்லேர்ந்து பாதியை அக்காவோடதுல கொட்டிட்டேன். அக்காகிட்ட சொல்லக்கூட இல்லை."

இடி சட்டென்று குனிந்தாள்.

"உன் பாட்டில் எங்கே?"

கைப்பையிலிருந்து வந்தது. டாக்டர் ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.



"மேடம்... இது சத்து மாத்திரை இல்லை. அந்த முடக்குவாத மாத்திரை! கர்ப்பிணி இதைத் தொடவே கூடாது. கரு கலைஞ்சிடும். கலையாம தங்கினா... குழந்தை குறையோட பிறக்கும். நீ எத்தனைம்மா முழுங்கினே?"

"ரெண்டோ மூணோ... அப்புறம் வாந்தியில நிறுத்திட்டேன்..."

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. நர்ஸ் அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

இடிக்குப் புரிந்துவிட்டது. குறி அக்கா இல்லை. பிறக்காத அந்தப் பிள்ளை!

"மேடம்..." ஏட்டு காதருகே வந்தார். "அக்கம்பக்கத்துல விசாரிச்சேன். இந்தப் பொண்ணோட புருஷன் இப்ப குழந்தை வேண்டாம்னு குதிச்சானாம். தெருவே கேட்டுச்சாம்."

"கேட்கட்டும். அவன் திரும்பி வந்ததும் அக்கா கட்டில்கிட்ட கூட்டிட்டு வாங்க. வாயைத் திறக்காதீங்க!"

பிறகு டாக்டரைத் தனியே அழைத்துப் போய் ஏதோ சொன்னாள். டாக்டர் முழித்தார். அப்புறம் தலையாட்டினார்.

*

தங்கச்சி புருஷன் திரும்பி வந்ததும், எல்லாரும் அக்காவின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

இடி கையில் தங்கச்சியின் பாட்டில். கவிழ்த்தாள். மஞ்சள் மாத்திரைகள் உருண்டு வந்தன.

"சத்து மாத்திரை உடனே உள்ளே போகணுமாம்மா. உங்க பாட்டில்ல விஷம் இருந்தது. அது வேண்டாம். இது உங்க தங்கச்சி சாப்பிடறது. தன்னோடதுல எவளாவது விஷம் வெச்சுக்குவாளா?"

அக்கா தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பயமா? சார், நீங்க முதல்ல ஒண்ணு போடுங்க. அவங்களுக்குத் தைரியம் வரட்டும்."

தங்கச்சி புருஷன் ஒரு மாத்திரையை எடுத்தான். ஏட்டுக்கு மூச்சே நின்றது!

'முழுக்'.

தண்ணீர்கூடக் கேட்கவில்லை அவன்.

"பார்த்தீங்களா? மாப்பிள்ளையே முழுங்கிட்டார். வாயைத் திறங்க."

"வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம்! அது... அது சத்து மாத்திரை இல்லை!"



"இல்லையா?" இடியின் குரல் தணிந்தது. அவள் குரல் தணிந்தால்தான் ஆபத்து. "உங்க பாட்டில்ல விஷம்னுதானே பேசிட்டிருக்கோம்? தங்கச்சி பாட்டில்லயும் இருக்குன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

அக்காவின் புண்ணான உதடுகள் துடித்தன.

"எனக்கும் ஒண்ணு வயித்துல இருந்துச்சு மேடம். இதே மாத்திரையைப் போட்டுக்கிட்டிருந்தேன். கர்ப்பமா இருக்கியான்னு எவனும் கேட்கலை. போடாதேன்னு எவனும் சொல்லலை. போயிடுச்சு. கூட இருந்து அழுதாங்க, அப்புறம் மறந்துட்டாங்க. இவளுக்கு மட்டும் ஊரே புத்தி சொல்லுது... இதைச் சாப்பிடு, அதைத் தொடாதே! தினமும் என் எதிர்ல உட்கார்ந்து வயித்தைத் தடவிக்கிட்டு, என்ன பேர் வைக்கலாம்க்கானு கேட்கறா. என்னால தாங்க முடியலை!"

"விரல் மடங்காதே... அட்டையை எப்படிப் பிதுக்கினீங்க?"

"அவதான் பிதுக்கி என் பாட்டில்ல போட்டு வெச்சிருந்தாளே. நான் மூடியைப் பல்லால கடிச்சுத் திறந்தேன். அவ பாட்டில்ல கொட்டறதுக்கு விரல் மடங்க வேண்டாம்."

வாசலில் சக்கர நாற்காலி நின்றிருந்தது. தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"இதயம் துடிக்குது டாக்டர்," என்றாள் நர்ஸ்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "மிச்சத்தை அடுத்தடுத்த ஸ்கேன்லதான் சொல்ல முடியும்."

தங்கச்சி அக்காவையே பார்த்தாள்.

"உனக்குச் சத்து வேணுமேன்னுதான் பாதியைக் கொட்டினேன்க்கா... என்கிட்ட கேட்டிருந்தா பிள்ளையையே உன் மடியில போட்டிருப்பேனே!"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கட்டிலருகே ஒரு பெண் போலீஸைக் காவலுக்கு வைத்துவிட்டு இடி வெளியேறினாள்.

*

வராந்தாவில் ஏட்டு ஓடி வந்தார்.

"மேடம்! விஷ மாத்திரையை அந்த ஆள் வாயில போட விட்டுட்டீங்களே!"

"விஷம் சாட்சிப் பொருள். கவர்ல சீல் வெச்சாச்சு. காலி பாட்டில்ல நான் போட்டது அசல் சத்து மாத்திரை."

"அதுக்குள்ள எங்கே வாங்கினீங்க?"

இடி கைப்பையைத் திறந்தாள். பாதி பிதுக்கிய அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"வாங்கலை. என்னோடது."

ஏட்டு அட்டையைப் பார்த்தார். இடியைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த..."

"டீயைக் கண்டா குமட்டுது. பெல்ட்டுல ரெண்டு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கேன். இவ்வளவு தடயத்தைக் கண்ணெதிர்ல வெச்சுக்கிட்டு இன்னும் 'எதுக்கு'ன்னு கேட்கறீங்க... நீங்கல்லாம் போலீஸ்!"