பத்தொன்பதாவது பெயர்

குருவம்மாள் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது பதினேழாம் நாள், ஒரு திங்கட்கிழமை. தென்காசி முழுக்கச் சாரல். பாலர் வகுப்பில் ஈர மணலின் வாடையும் பிள்ளைகளின் தலையெண்ணெய் வாடையும் எப்போதும்போல இருந்தன. ஆறு வயது மகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று தெருவே அவளை நெஞ்சழுத்தக்காரி என்றது. சொல்லிவிட்டுப் போகட்டும். அழ வரவில்லை, அவ்வளவுதான். சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, எதுவும் உறைக்கவில்லை.

முதலில் கடவுள் வணக்கம், அப்புறம் நகம் பார்த்தல், அப்புறம் வருகைப் பதிவேடு. பழக்கத்தில் வாய் தானாகப் பெயர்களை வாசித்துக்கொண்டே போனது. கடைசியாகப் பத்தொன்பதாவது பெயர். கோடு போட்டு அடித்திருக்க வேண்டிய மகளின் பெயர். யோசிப்பதற்குள் அதையும் வாசித்துவிட்டாள்.

"பொன்னுத்தாய்."

"உள்ளேன் டீச்சர்."

குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. பொன்னுத்தாய் உட்காரும் இடத்தில் வெறுந்தரைதான் கிடந்தது. பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பயந்திருக்க வேண்டும். பயமும் வரவில்லை. பெயருக்கு நேரே வருகை போட்டுவிட்டு, ஆனா ஆவன்னா சொல்லச் சொன்னாள்.

மறுநாளும் வாசித்தாள். அதற்கு மறுநாளும். அந்த ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, கதவைத் தானே திறந்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை தறி நெய்யும் மசூது, மகள் ஜாஹிராவைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைக்குப் பேச்சில்லையாம். வைத்தியர் தொண்டையில் ஒன்றுமே இல்லை என்கிறாராம்.

"வாயத் தொறந்தா காத்துத்தான் வருது டீச்சர்," என்றார் மெதுவாக. "எனக்கு ஒத்தப் பிள்ளை."

செவ்வாயும் புதனும் பெயர் வாசித்தபோது ஜாஹிரா எழுந்து கையை மட்டும் தூக்கியது குருவம்மாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவர் போனதும், அவளை அருகில் நிறுத்தி ஆனா ஆவன்னா சொல்லச் சொன்னாள். பிள்ளையின் உதடு அசைந்தது.

சத்தம் பின்வரிசையிலிருந்து வந்தது.

உதடு நின்றதும் அதுவும் நின்றது. ஜாஹிரா அழுதாள். அந்த அழுகையும் அங்கேதான் கேட்டது.

குருவம்மாளுக்கு விளங்கிவிட்டது. மகள் இரவல் குரலில் வந்துகொண்டிருக்கிறாள். இனி ஒருநாள்கூட அதைக் கேட்க முடியாது என்றும் விளங்கியது. அன்று பெயர் வாசிக்கவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் சிவப்பு மையைத் தொட்டு, அளவுகோல் வைத்து, பத்தொன்பதாவது பெயரின் குறுக்கே கோடு இழுத்தாள். கை நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

மறுநாள் பதினெட்டுப் பெயர்கள் வாசித்தாள். ஜாஹிரா எழுந்து, கணீரென்று உள்ளேன் டீச்சர் என்றாள். குருவம்மாள் பெருமூச்சு விட்டாள். பதிவேட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, மணலைப் பரப்பி எழுதச் சொன்னாள்.

யாரும் பரப்பவில்லை.

முதல் பிள்ளை எழுந்தது. பின்பக்கம் பார்த்து, உள்ளேன் என்றது. உட்கார்ந்தது.

இரண்டாவது பிள்ளை எழுந்தது.

பதிவேட்டில் இருந்த அதே வரிசை. ஒவ்வொரு பிள்ளையும் எழுமுன் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டது. குருவம்மாளுக்கு ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பதினெட்டும் முடிந்தது.

பிள்ளைகள் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

"டீச்சர்," என்றாள் ஜாஹிரா, ரகசியம்போல. "பொன்னுத்தாய் இப்ப ஒங்களக் கூப்பிடுதா."

எத்தனையோ நாளைக்குப் பிறகு குருவம்மாளின் கண் நிறைந்தது. மெதுவாக எழுந்து நின்றாள்.

"உள்ளேன்," என்றாள்.

பின்வரிசையில் யாரோ பதிவேட்டை மூடும் சத்தம் அவளுக்கும் கேட்டது.

அவளுடைய பதிவேடு அவள் உள்ளங்கைக்கு அடியில்தான் இருந்தது.