கனம் உடுத்தியவள்

கிண்ணவூரில் விழுவதற்கு யாரும் பயப்படுவதில்லை. நிலவின் பெரும்பள்ளம் ஒன்றின்மேல் கண்ணாடிக் கூரை போட்டுக் கட்டிய ஊர் அது. பூமியில் ஆறு கிலோவாகக் கனப்பது அங்கே ஒரு கிலோவாகத்தான் கனக்கும். மூன்றாம் மாடிக்காரர்கள் காய்கறி வாங்கக் கிளம்பினால் பையைக் கையில் பிடித்துக்கொண்டு பால்கனியிலிருந்து குதித்துவிடுவார்கள். கட்டடத்துக்குப் படிக்கட்டு வைத்தே ஆகவேண்டும் என்று பூமியில் எவரோ எழுதிய விதிக்காகப் படிகள் இருந்தன. அவற்றில் பூனைகள் படுத்திருந்தன.

இந்த ஊரில் வந்து சர்க்கஸ் நடத்திய துரைப்பாண்டியின் தைரியத்தை என்னவென்று சொல்வது? அவருடைய பாரிஜாத சர்க்கஸில் கோமாளி இடறி விழுந்து தரையைத் தொடுவதற்குள் முன்வரிசைக் குழந்தைகள் ஒரு முறுக்கைத் தின்று முடித்துவிடும். பார் விளையாட்டு இன்னும் மோசம். நிலவிலேயே பிறந்து வளர்ந்த குயிலி உயரத்தில் ஊஞ்சல் கம்பியை விட்டுப் பறந்து, காற்றில் சுழன்று, எதிர்க் கம்பியைப் பிடிப்பாள். அவ்வளவு அழகாகச் செய்வாள். பார்க்கிறவர்களோ கொட்டாவி விடுவார்கள்.

“எங்க வீட்டுச் சின்னவன் இதைவிட நல்லாச் சுத்துவான்” என்று சொல்லிவிட்டு ஒரு அம்மாள் பாதியிலேயே எழுந்து போனாள். அது குயிலியின் காதிலும் விழுந்தது.

ஊர்மன்றம் கறாராகச் சொல்லிவிட்டது. இந்த வருஷத்துக்குள் கூடாரம் நிரம்பாவிட்டால் அதைக் காளான் வளர்க்கக் கொடுத்துவிடுவார்களாம். துரைப்பாண்டிக்குத் தூக்கம் போயிற்று. சர்க்கஸுக்கு உடை வடிவமைக்கும் எஸ்தருக்கும் போயிற்று. தூத்துக்குடியிலிருந்து வந்தவள் அவள். மயில்தோகை தைத்தாள், ஒளிரும் சிறகு தைத்தாள். ஜனங்கள் துணியைத் தொட்டுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் சரக்குத்துறையில் துணிச்சுருள் எடுக்கப் போனாள். இரும்பிழை ஓடிய துணி அது. சரக்குப் பெட்டிகளை இழுத்து இறக்கத் தரையில் பதித்திருந்த பெரிய காந்தத்துக்குப் பக்கத்தில் வந்ததும், சுருள் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தரையில் போய் அறைந்தது. எஸ்தர் அப்படியே நின்றுவிட்டாள். கீழ்நோக்கி அப்படியொரு இழுப்பை அவள் கை உணர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. துவைத்துப் பிழியாத சேலையைக் கிணற்றடியிலிருந்து தூக்கிப்போவது அப்படித்தான் இருக்கும். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நேரே துரைப்பாண்டியிடம் ஓடினாள்.

“அண்ணாச்சி, இத்தன நாளா நாம இறகாத் தைச்சுக்கிட்டு இருந்தோம். இந்த ஊர்ல எல்லாருமே இறகுதான். இவங்க பாக்காதது கனம் ஒண்ணுதான்.”

“கனத்தப் பாக்க யாரு வருவா எஸ்தரம்மா?”

“வருவாங்க. நான் சொல்லுதேன், வருவாங்க.”

அப்படிப் பிறந்ததுதான் எடையுடை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மயிரிழை போன்ற இரும்பு இழைகள். ஆட்டக்களத்தின் அடியில் அந்தக் காந்தம் போன்ற ஓர் இழுவிசைத் தட்டு. ஓரத்தில் ஒரு திருகு. திருகத் திருகத் தட்டு உடையை இழுக்கும், உடை ஆளை இழுக்கும். முழுக்கத் திருகினால் பூமியில் நிற்கிற கனம் வந்துவிடும்.

முதல்நாள் பாதித் திருகுக்கே குயிலிக்கு முழங்கால் மடங்கிவிட்டது.

“அக்கா, யாரோ என் தோள்ல ஏறி உக்காந்திருக்காங்க.”

“யாரும் இல்லடி. எங்க ஊர்ல எல்லாரும் இதத் தூக்கிக்கிட்டுத்தான் பஸ் பிடிக்க ஓடுவோம்.”

குயிலி அவளை நம்பாமல் பார்த்தாள். ஆனாலும் விடவில்லை. எலும்பும் தசையும் இறுகும்வரை மாதக்கணக்கில் தாழ்வான கம்பியில் தொங்கிப் பழகினாள். “என்னப் பாத்து ஒருத்தராவது ஒரு தடவ பயப்படணும்க்கா. அதுக்கப்புறம் காளான் வளத்தாலும் சரி” என்றாள்.

மேலுடை என்ன என்று எஸ்தர் வெகுநாள் யோசித்தாள். கடைசியில் பளபளப்பெல்லாம் வேண்டாமென்று நிறைய மடிப்பு வைத்த அரக்குநிறப் பாவாடை ஒன்றைத் தைத்து, அதிலும் இரும்பிழை ஓட்டினாள்.

ஆட்டத்தன்று குயிலி உயரமான மேடைப்பலகையில் வந்து நின்றாள். கிண்ணவூரில் பாவாடை என்றால் குடைபோல விரிந்து மிதக்கும். அவளுடையதும் மிதந்தது. துரைப்பாண்டி திருகைத் திருப்பினார். பாவாடை இறங்கியது. ஒவ்வொரு மடிப்பாக இறங்கி, நேர்க்கோடாகி, ஓரம் பலகையைத் தொட்டு அமர்ந்தது. துணி அப்படி விழும் என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கூடாரத்தில் பேச்சு நின்றது. தலைமயிர் மட்டும் நிலவின் மயிராகவே மேலே அலைந்துகொண்டிருக்க, கழுத்துக்குக் கீழே குயிலி பூமிக்காரியாக நின்றாள். என்ன ஒரு காட்சி அது. தைத்தவளுக்கே மெய் சிலிர்த்தது.

குயிலி ஆடினாள். அந்த வேகத்தில் ஒரு ஊஞ்சல் போவதை அங்கே யாரும் கண்டதில்லை. கம்பியை விட்டாள், பறந்தாள், எதிர்க் கம்பியைப் பிடித்தாள். முழுக்கூட்டமும் ஒன்றாக மூச்சை இழுத்தது. திரும்பிப் பறந்தபோது ஒரு கை வழுக்கிவிட்டது. ஒற்றைக் கையில் தொங்கினாள்.

எஸ்தர் அப்போதுதான் கீழே பார்த்தாள். வெறுந்தரை. பூமியில் எந்தச் சர்க்கஸ்காரரும் கூடாரம் அடித்த கையோடு வலையைக் கட்டுவார். கிண்ணவூரில் யாருக்கும் எப்போதும் வலை தேவைப்பட்டதில்லை. இத்தனை மாதம் வேலை செய்து, மடிப்பை எண்ணி எண்ணித் தைத்து, பூமியில் பிறந்த அவளுக்கே அது தோன்றாமல் போயிற்று.

துரைப்பாண்டியைத் தள்ளிவிட்டுத் திருகைப் பின்னுக்குத் திருப்பித் தட்டை நிறுத்தினாள். அதே கணம் குயிலியின் விரல்கள் விட்டன. பாவாடை குடையாக விரிந்தது. ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் விழுவதுபோல மெல்ல மிதந்து அவள் தரையில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வழிநெடுக அலறினாள். கனம் போய்விட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. அந்தமாதிரி அலறலை அந்த ஊர் கேட்டதே கிடையாது.

யாரும் கைதட்டவில்லை. ஒரு தாட்டியான மனிதர் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்று எஸ்தர் நினைத்தாள். மேல்வரிசைக்காரர்கள் வழக்கம்போலக் குதித்து இறங்காமல், எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். படி எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து கூடாரத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. காளான் பேச்சை ஊர்மன்றம் எடுக்கவே இல்லை. பதிலாக ஒவ்வொரு பால்கனிக்கும் கீழே வலை தைத்துத் தரச் சொல்லி எஸ்தரிடம் ஆள் அனுப்பியது.

“இங்க விழுந்தா ஒண்ணும் ஆவாதே” என்றாள் அவள்.

“தெரியும்மா” என்றார் வந்தவர். “இருந்தாலும் கட்டிடுங்க. பொண்டாட்டி பிள்ளைங்க வீட்டுல இருக்காங்கல்ல.”

இப்போது கோமாளி இடறினாலே குழந்தைகள் பிடிங்க பிடிங்க என்று அழுதார்கள். எடையுடை இனி எதற்கு என்று துரைப்பாண்டி தட்டையே கழற்றிப் போட்டார். எஸ்தர் புதிதாக வெறும் பருத்தியில் ஒரு பாவாடை தைத்தாள். அதை உடுத்திக்கொண்டு குயிலி மேலே ஏறினாள். பலகையில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பலகையோரத்துக் கைப்பிடிக் கம்பியை அவளால் விட முடியவில்லை.

கூடாரமே மூச்சுவிடாமல் அண்ணாந்து பார்த்தது. குயிலி திரும்பினாள். ஏணியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினாள். பாதம் தரையைத் தொட்டதும் எழுந்தது பாருங்கள் ஒரு கைதட்டல், கண்ணாடிக் கூரை அதிர்ந்தது.

ஓடிவந்து பிடித்த எஸ்தரின் கைக்குள் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“இழையெல்லாம் எடுத்துட்டீங்கதானக்கா?”

“வெறும் பருத்திடி. சத்தியமா.”

“பூமியில எல்லாரும் பொறந்ததுலேருந்து இந்தப் பயத்தோடதான் இருப்பீங்களா?”

“ஆமாடி.”

“உங்க ஊர் சர்க்கஸ்காரங்க இதோட மேல ஏறி, அங்க நின்னு, கையவும் விட்டாங்களாக்கா?”

எஸ்தர் சிறுவயதில் வருஷாவருஷம் தூத்துக்குடி மைதானத்தில் சர்க்கஸ் பார்த்திருக்கிறாள். கம்பியை விட்டவர்கள் எல்லாருக்கும் கைதட்டியிருக்கிறாள். அவர்கள் எதை விட்டார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தாள்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. குயிலி உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். மேலே ஒருமுறை பார்த்தாள். பிறகு மறுபடியும் ஏணியில் கால் வைத்தாள்.