கண்ணாடியில் நேராக நின்றவர்

பெட்டிக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு அவள் பார்த்தபோது தேவாலயம் முழுவதும் தலைகீழாகத் தெரிந்தது. அதில் ஒன்றும் தப்பில்லை. அந்தக் கேமராவில் எல்லாமே அப்படித்தான் தெரியும். ஆனால் ஒரே ஒரு ஆள் மட்டும் நேராக நின்றுகொண்டிருந்தார்.

துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள். வரிசை வரிசையாகக் காலி பெஞ்சுகள். மழை மூட்டத்தில் சாம்பல் பூத்த வெளிச்சம் உயரத்து ஜன்னல்களிலிருந்து இறங்கி, பாதி வழியிலேயே சோர்ந்துபோயிருந்தது. பழைய மெழுகும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாசனை.

மறுபடி துணிக்குள் போனாள். கேமராவின் முதுகிலிருந்த மங்கல் கண்ணாடியில் தரை மேலே இருந்தது, கூரை கீழே. அந்தக் கூரையில் கால் ஊன்றி அவர் நின்றுகொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. கண்ணாடியில் நேராக நிற்கிறார் என்றால், நிஜத்தில்...

நிமிர்ந்து மேலே பார்த்தாள். கவிழ்த்த படகின் வயிறுபோல் வளைந்த மரக்கூரை. குறுக்கே தடித்த உத்தரங்கள், அவற்றுக்கு நடுவே இருட்டு. யாரும் இல்லை.

லென்ஸில் ஏதோ அழுக்கு என்று சொல்லிக்கொண்டாள். துடைத்தாள்.

முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்து நடத்தியவள். "முகத்தைக் கொஞ்சம் தூக்குங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் அலுத்துப்போனவள். கணவர் போன பிறகு கடையைக் கைமாற்றிவிட்டு, பெட்டிக் கேமராவையும் பிலிமையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் பழைய தேவாலயங்களை எடுக்கக் கிளம்பிவிட்டாள். ஆளே இல்லாத படங்கள்தான் அவளுக்கு வேண்டும்.

காலையில்கூடத் தங்கச்சி போனில் கத்தினாள். "பேச்சுத் துணைக்காவது யாரையாவது கூட்டிட்டுப் போயேன்க்கா."

"கூட வந்தா சும்மா இருப்பாங்களாடி? படத்துக்குள்ள வந்து நிப்பாங்க."

"பேசிப் பேசியே என்னைக் கழட்டி விடு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றாள். சாப்பிடவில்லை. போனை வைத்ததும் வண்டிக்குள் விழுந்த அமைதி, பக்கத்து இருக்கையில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் கனத்தது. தங்கச்சியின் போனை விட்டால், பல மாதங்களாக அவள் பேசியதெல்லாம் அறை வாடகைக்கும் வழி கேட்கவும்தான்.

சாவியோடு வந்த காவலாளியும் அதையேதான் கேட்டார். "தனியாவாம்மா வந்தீங்க? சரி, எடுங்க. பூட்ட வரும்போது குரல் குடுக்கிறேன்." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

எடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று பிலிம் தட்டைச் செருகினாள். இருட்டான இடம், சில நிமிடங்களாவது லென்ஸைத் திறந்து வைத்தால்தான் படம் விழும். அதுவரை அசையக் கூடாது, மரத்தரை ஆடினால் படம் கலங்கிவிடும். லென்ஸைத் திறந்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதலில் மழைச் சத்தம் என்றுதான் நினைத்தாள். கூரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மெல்லப் பரவிய அந்தச் சத்தம் மழையைப்போல் விழவில்லை, நடந்தது. தேய்ந்த செருப்புகள் மரத்தில் உரசி நடப்பதுபோல, ஒருவர் பின் ஒருவராக, அவசரமே இல்லாமல் வந்து, இடம் பார்த்து, உடையை ஒதுக்கிக்கொண்டு உட்காருவதுபோல. ஒரு இருமல். யாரோ அதை அடக்கினார்கள். நனைந்த கம்பளியின் வாடை தலைக்கு மேலிருந்து இறங்கியது.

அவள் மேலே பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் இருக்காது. அதுதான் பயமாக இருந்தது.

லென்ஸை மூடினாள். சத்தமும் நின்றது.

ஓடிவிட வேண்டும் என்றுதான் கால்கள் சொன்னன. கை கேட்கவில்லை. பிலிம் தட்டை உருவியது, லென்ஸைத் திறந்தது, துணியைத் தூக்கியது.

கண்ணாடி நிறைய முகங்கள்.

உத்தரங்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிழவர்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்ட ஒருவன். எல்லோரும் நேராக. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். சிரிக்காமல். முகத்தைக் கொஞ்சம் தூக்கி.

முன்வரிசையில் ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்தாள்.

பக்கத்தில் கொஞ்சம் இடம்.

தட்டிக் காட்டினாள். வா.

இவள் துணியிலிருந்து தலையை வெளியே இழுத்தாள். கதவுப் பக்கம் திரும்பி ஓரடி வைத்தாள்.

கால் தரையைத் தொடவில்லை.

இன்னொரு காலும்.

கத்தினாள். குரல் தனக்கே கேட்கவில்லை. பெஞ்சைப் பிடித்தாள். விரல் வழுக்கியது. பெஞ்சு விலகியது. கேமரா சின்னதானது. குளிர். கம்பளி வாடை. முதுகில் மரம்.

பிறகு மெல்ல எல்லாம் திரும்பி நின்றது. அவள் உட்கார்ந்திருந்தாள். நேராகத்தான். தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், பெஞ்சுகள் கவிழ்ந்து தொங்கின.

கதவு திறந்தது. காவலாளி தலைகீழாக நடந்து வந்தார்.

"அம்மா? பூட்டணும்மா. எங்க இருக்கீங்க?"

"இங்க! மேல பாருங்க! ஐயா, இங்க இருக்கேன்!"

பெஞ்சுகளுக்கு இடையில் தேடினார். கேமராவின் அருகே வந்து நின்றார். தயங்கினார். குனிந்து, கறுப்புத் துணியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார்.

அவள் இரண்டு கைகளையும் ஆட்டினாள்.

துணி வெகுநேரம் அசையவில்லை. வெளியே வந்தவருடைய முகம் வெளுத்திருந்தது. அவர் மேலே பார்க்கவில்லை. ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து, வாசலுக்குப் போனார். கதவு மூடியது. சாவி திரும்பியது.

கடைசி வெளிச்சமும் ஜன்னல்களை விட்டுப் போனது. இருட்டில், பக்கத்திலிருந்தவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, ஈரமான தன் கையை அவள் கையோடு கோத்துக்கொண்டாள்.